காலைத் தூக்காத கொலைகாரன்

ஓமலூருக்கு வெளியே, மரவள்ளிக் கிழங்கில் மாவும் ஜவ்வரிசியும் எடுக்கிற சேகோ பேக்டரியில், மாவு காயப்போடும் களத்தில் வேலை பார்க்கும் ஜோதிக்கு, தன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கவலை கிடையாது. சொல்கிறவர்களுக்கு அது ஜோதியைப் பற்றித்தான் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது அந்த ஒன்றுதான் நடக்காமல் இருந்தது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் அவளைப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள், ஆனால் சின்னராஜ் என்கிற பெயரில்.

போன கோடையில் கிழங்கு வரத்து இல்லாமல் பேக்டரி மூடிக் கிடந்தபோது, குணசீலன் என்ற சேலத்துப் பையன் அதை வாடகைக்கு எடுத்து ஒரு வெட்டுக்குத்துப் படம் பிடித்தான். ‘எட்டாம் தொட்டி’ என்று பெயர். பாழடைந்த பேக்டரிக்குள் ஆறு காலேஜ் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். சாக்குப்பையில் இரண்டு ஓட்டை போட்டு முகத்தில் மாட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் கிழங்கு மாவு அப்பிய ஒருவன் கொடுவாளோடு வந்து ஒவ்வொருத்தராக முடிப்பான். ஏன் முடிக்கிறான் என்று மட்டும் கேட்கக் கூடாது, அது குணசீலனுக்கே தெரியாது.

வேலையில்லாமல் இருந்த ஜோதி அந்தக் கூட்டத்துக்குச் சமைக்கப் போனாள். கொலைகாரன் வேஷத்துக்கு வந்தவன் சின்னராஜ், ஜிம்மில் வளர்த்த உடம்பு. பார்க்க அய்யனார் சிலை கணக்காகத்தான் இருந்தான். ஆனால் மாவு அவன் மூக்குக்கு ஆகவில்லை. சாக்கை மாட்டி மாவைத் தூவியதும் தும்ம ஆரம்பித்தான். கொடுவாளை ஓங்கிக்கொண்டு தும்முகிற கொலைகாரனைப் பார்த்து, வெட்டுப்பட வேண்டிய பெண் சிரித்துவிட்டாள். இரண்டு நாள் பாழானதும், குழம்புக் கரண்டியோடு நின்ற ஜோதியைக் குணசீலன் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். சின்னராஜின் உயரம் அவளிடம் இருந்தது. பிறந்ததிலிருந்து மாவில் புரளுகிறவளுக்குத் தும்மல் எங்கிருந்து வரும்?

அப்படித்தான் அவள் கொலைகாரன் ஆனாள். ஆறு பேரையும் அவள்தான் வெட்டினாள். ரத்தமும் அவள் காய்ச்சியதுதான், ஜவ்வரிசிக் கஞ்சியில் சிவப்புச் சாயமும் சர்க்கரைப் பாகும். எறும்பு வந்து பிணமாகக் கிடந்த பையனைப் பதம் பார்த்தது, அவன் நெளிந்ததும் படத்தில் அப்படியே இருக்கிறது.

டைட்டிலில் மட்டும் ‘கொலைகாரன்: சின்னராஜ்’ என்று போட்டுவிட்டான் குணசீலன். கேட்டதற்கு, பொம்பளை என்று தெரிந்தால் பயம் போய்விடும் அக்கா, படம் வெளியே வருகிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள் என்றான். வந்த பிறகு, இரண்டாம் பாகம் வரட்டும் என்றான். நல்ல பையன்தான், நழுவுவதில் விலாங்கு.

படம் யூடியூபில் வந்து சக்கைப்போடு போட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜோதி தூக்குவாளியை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, படத்துக்குக் கீழே சனங்கள் எழுதியதை ஒன்று விடாமல் படிப்பாள். கதை என்ன விலை என்று கேட்டிருந்தான் ஒருவன். செத்தவன் ஏன் முதுகைச் சொறிகிறான் என்று இன்னொருவன். கதாநாயகிக்கு ஓடக்கூடத் தெரியவில்லை, கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு ஒளிகிறாளே, காமெடிப் படமா என்றெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆனால் கிழித்தவர்கள்கூடக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்தக் கொலைகாரன் காலைத் தூக்காமல் வருகிறானே, அதைப் பார்த்த பிறகு பாத்ரூமுக்குத் தனியாகப் போகவில்லை. மலேசியாவிலிருந்து ஒருத்தி, சின்னராஜ் சார், அந்த நடையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டிருந்தாள். சின்னராஜ் சார் அதற்குக் கைகூப்பும் படம் ஒன்று போட்டிருந்தார். அதைப் பார்த்த அன்றைக்கு ஜோதிக்குச் சோறு இறங்கவில்லை.

அது கற்ற நடையே இல்லை. களத்தில் காய்கிற மாவைப் புரட்ட நடக்கிற நடை. காலைத் தூக்கி வைத்தால் மாவு மிதிபட்டுக் கட்டியாகிவிடும். பாதத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டே போனால் மாவு உழுத வயல் மாதிரி சால் சாலாகப் பிரிந்து புரளும். (பயப்பட வேண்டாம், அது துணி ஆலைக் கஞ்சிக்குப் போகிற மாவு, யார் வயிற்றுக்கும் போவதில்லை.) ஆனால் அந்தக் களத்தில் இருபது பெண்கள் அப்படி நடக்கிறார்கள், யாரைப் பார்த்தும் யாரும் பயந்ததில்லை. பயத்தை அதில் வைத்தது தான்தான் என்பதில் ஜோதிக்குத் துளி சந்தேகம் இல்லை. வெட்டப் போகிற ஆளைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. இது யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகக் கண்டுபிடித்தது.

புருஷன் மாதேஸ்வரன் லாரியோடு நாக்பூர்ப் பக்கம் போயிருந்தான். டிரைவர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து படம் பார்த்ததாகவும், ஒருத்தனும் அப்புறம் கேபினை விட்டு இறங்கவில்லை என்றும் போனில் பெருமையாகச் சொன்னான். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "எல்லாஞ் செரி. உம்பேரு எங்கடி?" என்றான்.

இந்த நேரத்தில்தான் இரண்டாம் பாகத்துக்குப் பணம் போட ஒருவர் கிடைத்தார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் வைத்திருக்கிற செங்கோடன். போர்வெல் போடுகிற மனுஷர், தண்ணீர் வந்தது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார், மேலே பீறிட்டு வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். போனில் எத்தனை லட்சம் பேர் பார்த்தால் எனக்கென்ன, சனத்தோடு உட்கார்ந்து பார்க்கிறேன், சனம் அலறினால் பணம் என்றுவிட்டார். குணசீலன் ஓமலூரில் ஒரு தியேட்டரை ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்குப் பிடித்தான். கொட்டகை நிறைய ஆள் வேண்டுமே. அக்கா, உங்கள் களத்துப் பெண்களைக் கூட்டி வாருங்கள், டிக்கெட் இல்லை, பப்ஸும் டீயும் உண்டு, அன்றைக்கு நல்லபடியாக முடிந்தால் அடுத்ததில் உங்கள் பெயர் என்று சத்தியம் செய்தான்.

ஜோதி சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போனாள். களத்தில் யாருக்கும் அவள் நடித்தது தெரியாது. அவர்கள் சீரியல் பார்க்கிற கூட்டம், ரத்தப் படத்தைத் தொட மாட்டார்கள். தன்னோடு தினமும் நடக்கிறவர்கள் தன்னைப் பார்த்து அலறுவதைக் காதால் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முன்னால் செங்கோடன், அவருக்கு ஒரு பக்கம் குணசீலன், மறுபக்கம் புதுச் சட்டையில் சின்னராஜ்.

விளக்கு அணைந்தது. கதாநாயகி எட்டாவது தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள். மாவுப் புழுதிக்குள்ளிருந்து பாதம் இழுபடுகிற சத்தம் சரக், சரக்கென்று வந்தது. சாக்கு முகம் வந்தது. ஜோதி அலறலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அடியே," என்று நடுவரிசையிலிருந்து, களத்தில் தினமும் ஜோதிக்கு முன்னால் நடக்கிற பொன்னாத்தாளின் குரல் கேட்டது, "இதென்னடி நம்ம சோதியாட்டவே நடக்குது?"

அவ்வளவுதான். இருபது பெண்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஆமாங்க்கா, அதே இடது கால், அதே தோள் என்று ஒருத்தி ஆமோதித்தாள். களத்துப் பெண்களுக்கு ஆளை அடையாளம் காண முகம் தேவையில்லை. வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள், முதுகையும் நடையையும் வைத்தே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பழகியவர்கள். அதற்குப் பிறகு கொலைகாரன் வரும்போதெல்லாம் மாவைப் புரட்டு, மேஸ்திரி பார்க்கிறான் என்று கிண்டல் கிளம்பியது. மூன்றாவது கொலைக்குக் கைதட்டல் கிடைத்தது. செங்கோடனின் பின்னந்தலை அசையவே இல்லை.

ஜோதிக்கு முகம் எரிந்தது. முதலில் அவமானம்தான், அழுகைகூட வந்தது. பிறகு அது கோபமாக மாறியது. மலேசியாக்காரி நடுங்கினாள், நாக்பூரில் லாரி டிரைவர் நடுங்கினான், தன் கூட்டம் மட்டும் பப்ஸ் தின்றுகொண்டு சிரிக்கிறது. இவர்கள் சிரித்தால் மற்றவர்கள் நடுங்கியதற்கு என்ன மதிப்பு என்று நினைத்தாள்.

இடைவேளை விளக்கு போட்டார்கள். கதவைத் திறந்ததும் வெயில் உள்ளே விழுந்தது. செங்கோடன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். சிரிப்புப் படத்துக்குப் பணம் போடுகிற ஆள் நான் இல்லை தம்பி என்று அவர் சொன்னது பின்வரிசை வரைக்கும் கேட்டது. யார் அந்த சோதி என்றும் கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லைங்ணா, சும்மா கேலி என்று குணசீலன் மென்று விழுங்கினான்.

ஜோதி செருப்பைக் கழற்றிவிட்டு நடைபாதைக்கு வந்தாள். சாக்கு இல்லை, மாவு இல்லை, கொடுவாள் இல்லை. மஞ்சள் சேலையும் முழு வெளிச்சமும்தான். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பொன்னாத்தாளைப் பார்த்தாள், அவளை மட்டும். பாதத்தை இழுத்தாள்.

முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பாருங்கடி, நேரிலேயே வருகிறாள் என்று ஒருத்தி கத்தினாள். ஜோதி அந்தப் பக்கம் திரும்பவில்லை. சரக். அடுத்த அடிக்கு அவசரமே இல்லை. சரக். சிரிப்பு ஓரத்திலிருந்து தேய்ந்தது. டீக்காரர் தட்டோடு சுவர் ஓரம் ஒதுங்கினார். ஏ சோதி, போதும் வா என்று பொன்னாத்தாள் சொன்னாள், பாதி சிரிப்போடு. ஜோதியின் கண் இமைக்கவில்லை. ஏண்டி இவ இப்படிப் பாக்குறா என்று பொன்னாத்தாள் பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். அவளோ அதற்குள் எழுந்து அடுத்த வரிசைக்குப் போயிருந்தாள். கொட்டகையில் பாதம் இழுபடும் சத்தம் மட்டும் இருந்தது. பொன்னாத்தாள் இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள், கையிலிருந்த பப்ஸ் கீழே விழுந்தது. ஜோதி அவள் முன்னால் வந்து நின்று மெதுவாகக் கையை உயர்த்தியதும் பொன்னாத்தாள் வைத்த அலறலில் டீக்காரரின் தட்டும் போயிற்று.

ஜோதி குனிந்து பப்ஸை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"அம்மணி," என்றார் செங்கோடன். அவர் எப்போது மறுபடி உட்கார்ந்தார் என்று யாருக்கும் தெரியாது, முன்சீட்டைப் பிடித்த கை இன்னும் விடவில்லை. "படத்துல வந்தது நீதானா?"

"நாந்தானுங்ணா. ஆறு பேரும் என்ற கையாலதான்."

"அப்ப பேரு?"

குணசீலன் சின்னராஜைப் பார்த்தான். சின்னராஜ் தரையைப் பார்த்தான். பிறகு, பாவம், நல்ல மனசுக்காரன்தான், எனக்குத் தும்மல் வந்துவிட்டதுங்க என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

இடைவேளைக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை. சாக்குக்குள் இருப்பது ஜோதி என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே அலறினார்கள். பொம்பளை என்று தெரிந்தால் பயம் போய்விடும் என்று சொன்னவன் தன் காதாலேயே அதைக் கேட்டான். வெளியே வந்ததும் செங்கோடன் இரண்டே வார்த்தை பேசினார். பழைய படத்தில் பெயரை மாற்று, புதுப் படத்தில் அம்மணி இல்லாவிட்டால் நானும் இல்லை. அன்று சாயங்காலமே ‘கொலைகாரன்: ஜோதி’ என்று மாறியது. ஜோதி அதைப் படம் பிடித்து மாதேஸ்வரனுக்கு அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை களத்தில் மாவு விரித்திருந்தது. வழக்கம்போல் பொன்னாத்தாள் முன்னால், ஜோதி அவளுக்குப் பின்னால். இரண்டு சால்கூடப் போகவில்லை, பொன்னாத்தாள் மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"சோதி," என்றாள், "இனிமேட்டு நீ முன்னால நட."