கலயத்துக் குண்டு

"பொம்பளப் பிள்ளைக்குப் போலீஸ் வேலையா? அங்கன குண்டு எறியணுமாம்லா. நீ எறிஞ்சு கிழிச்ச!"

அம்மாவின் தம்பி சண்முகையா மாமா அப்படிச் சொல்லிச் சிரித்தார். நான் தேறாவிட்டால் தை மாசமே தம் மகனுக்குக் கட்டிவைப்பதாகப் பேசி முடித்துவிட்டுத்தான் தம் ஊரான கரிவலத்துக்கு பஸ் ஏறினார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்பத்து மூன்றில் சங்கரன்கோவிலில் என் நிலைமை அதுதான்.

எறிந்து கிழிக்கத்தான் போகிறேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

பள்ளிக்கூடத்து இரும்புக் குண்டைக் கேட்டேன். படிப்பை முடித்தவளுக்குத் தர முடியாது என்றார்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டேன். தேர்வில் எறிய வேண்டிய குண்டு நாலு கிலோ என்று கேள்விப்பட்டிருந்ததால், பக்கத்து வீடு கட்டி மிஞ்சிய சிமெண்டை நாலு கிலோ நிறுத்து, மணலும் தண்ணீரும் விட்டுக் குழைத்து, ஒரு பதநீர்க் கலயத்தில் திணித்தேன். இறுகியதும் கலயத்தை உடைத்தேன். உள்ளே குண்டு. பிறகு இரண்டு டால்டா டப்பாவிலும் அதே கலவையை ஊற்றி, உலக்கையின் இரு முனைகளிலும் பொருத்தித் தூக்கிப் பழகினேன்.

"ஏட்டி, உலக்கையப் பாழாக்கிட்டியே!" என்று அம்மா கத்தினாள்.

"நெல்லுக்கு மில்லு இருக்கும்மா. எனக்கு இதான் வேணும்."

குண்டுதான் மானத்தை வாங்கியது. எவ்வளவு மூச்சுப் பிடித்து எறிந்தாலும் காலடியிலேயே விழுந்தது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆனாலும் விடவில்லை.

தேர்வு நாளில் பாளையங்கோட்டை மைதானத்தில் அதிகாரியம்மா இரும்புக் குண்டைக் கையில் கொடுத்தபோது திகைத்துப்போனேன்.

"இதுவா மேடம் நாலு கிலோ?"

"ஏன், சந்தேகமா?"

அப்போதுதான் உறைத்தது. அரிசியை நிறுத்துப் பொங்குகிற வீட்டில் சோற்றை யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்? நானும் சிமெண்டை மட்டும் நிறுத்திருக்கிறேன். மணலையும் தண்ணீரையும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இத்தனை நாளும் இரட்டைக் குண்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்!

எறிந்தேன். அளக்க நின்ற ஏட்டு துள்ளி விலகினார்.

நான் தேறிய சேதி கேட்டு மாமா வந்தார். "ஏதோ லேசான குண்டாக் குடுத்திருப்பான்" என்றார்.

கலயத்துக் குண்டை அவர் முன்னால் உருட்டிவிட்டேன்.

"நான் எறிஞ்சு பழகுனது இது. நீங்க ஒரு தடவ எறிங்க மாமா. அந்த வாசல் வேம்பத் தாண்டிட்டா, தையில கழுத்த நீட்டுதேன்."

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து ஒரு கையால் தூக்கினார். பிறகு இன்னொரு கையையும் கொடுத்தார். வேம்பைப் பார்த்தார். குண்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்:

"கரிவலத்துக்கு அடுத்த பஸ் எப்போ?"