பூமாலையின் காதுமூடி

நைனார்பாளையத்துப் பூமாலைக்குப் பதினாறு வருஷமாக ரைஸ்மில்லில் வேலை. ஒரு திங்கட்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு மில் நிற்கவில்லை. காதுக்குள் ‘ஙொய்’ என்று ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் பக்கத்து வீட்டு ராதிகாவின் பிரிட்ஜ்தான் என்று நினைத்து, கெஞ்சி அணைக்கச் சொன்னாள். சத்தம் நிற்கவில்லை; மாவு புளித்து, ஒரு வாரம் ராதிகாவின் பேச்சுதான் நின்றது. தூக்கமில்லாமல் பூமாலை குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். குலதெய்வம் கூப்பிடுகிறது என்றான் புருஷன் வீரமுத்து. சேதி பரவி, தங்கள் மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று கேட்டு ரெண்டு பேர் வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டார்கள். சாமி ‘ஙொய்’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை என்றாள் பூமாலை. அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். கல்வராயன் மலையிலிருந்து வாங்கி வந்த பச்சிலை எண்ணெயைக் காதில் விட்டதில் தலையணை உறை பாழானது.

கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். மில் இரைச்சலில் காது கெட்டிருக்கிறது, அடியோடு நிறுத்த மருந்தில்லை, படுக்கும்போது ஃபேன் ஓடட்டும், வேலையில் காதை மூடிக்கொள் என்றார்.

பூமாலை சூப்பர்வைசர் தமிழழகனிடம் போய் காதுமூடி கேட்டாள். மூன்றாம் தடவை கத்திச் சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்தது.

“நானுந்தான் இருபது வருஷமா இங்க இருக்கேன். எனக்கு இன்னா ஆச்சு?” என்றார்.

அடுத்த மாதம் பாதுகாப்பைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். பீரோவிலிருந்து பதினாலு சிவப்புக் காதுமூடிகள் வெளியே வந்தன. பெண்களை வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். அதிகாரிகள் முதலாளி அறையில் இளநீர் குடிக்கப் போனதும், தமிழழகன் பீரோ சாவியோடு வந்து கழற்றிக் கொடுக்கச் சொன்னார்.

பூமாலைக்கு அவர் வாய் அசைவது தெரிந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக மிஷின் எங்கேயோ தூரத்தில் ஓடியது. அதை இழக்க மனசு வரவில்லை. காதுமூடியைத் தொட்டுக் காட்டி, “ஒண்ணும் கேக்கலிங்க” என்றாள்.

அவர் கத்தினார். பக்கத்தில் நின்ற ஆயம்மாள், பாதி கழற்றியிருந்ததை மறுபடி மாட்டிக்கொண்டு, தனக்கும் கேட்கவில்லை என்று கை விரித்தாள். வரிசை முழுக்க யாருக்கும் கேட்கவில்லை. பிடுங்கலாமென்றால் அதிகாரிகள் இன்னும் போகவில்லை.

மறுநாள் தமிழழகன் அட்டையில் ‘கழட்டவும்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டதாகப் பூமாலை வருத்தப்பட்டாள். மூன்றாம் நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பீரோ காலியாகவே இருக்கிறது.

பூமாலையின் காதில் சத்தம் இன்னும் போகவில்லை, கூடவும் இல்லை. ஃபேனைப் போட்டுவிட்டு அஞ்சு மணி நேரம் தூங்குகிறாள். மில்லில், டீ வந்துவிட்டது என்று தமிழழகன் மெதுவாகச் சொன்னாலும் பதினாலு பேருக்கும் கேட்டுவிடுகிறது.