பந்துக்குப் பதில் உருளைக்கிழங்கு

நிற்காத வண்டியை நிறுத்தி ஏறுவது எப்படி? ஏறிய பிறகு அதே வண்டியைத் திரும்பக் கிளப்புவது எப்படி? முதல் கேள்விக்குக் கொசு விடை கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாவது தொண்டையில் சிக்கிய முள் மாதிரி, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சிப்பாய்களைச் சண்டைக்கு ஏற்றிப்போகும் ரயில், அந்தப் படைவண்டி, அவர்கள் ஸ்டேஷனில் நிற்பதில்லை. கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒரு தடவை சரக்கு வண்டியோடு ஓடிப் பழகப் போய், முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள்.

"படியில விழுந்துட்டேம்மா."

"எந்தப் படி? நம்ம வீட்டுல படியே கிடையாதே" என்றாள் அம்மா. அம்மாதான் அந்த ஸ்டேஷனின் மாஸ்டர். வண்டி ஓசையை வைத்தே எத்தனை பெட்டி என்று சொல்கிறவளிடம் பொய் சொல்வது சுலபமில்லை.

கொசுவுக்கு வயது பதினைந்து. அந்தப் பெயரை வைத்தவன் அண்ணன். காதருகே ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாளாம். பின்னாளில் அவள் நாட்டின் பிரதமராகி, படைகளை அனுப்பவும் திருப்பி அழைக்கவும் உத்தரவு போட்ட காலத்திலும் வீட்டுக்குள் அந்தப் பெயர் மாறவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஆற்றுக்கு அப்பால் சண்டை நடக்கிற இடத்தில் அண்ணன் இருந்தான். அவளும் அங்கே இருக்க வேண்டும். பதினெட்டு ஆகாதவர்களைப் படையில் சேர்க்கமாட்டார்கள்தான். போய் இறங்கிவிட்டால் யார் வயதைக் கேட்கப்போகிறார்கள்?

இந்த இடத்தில் பந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஸ்டேஷனுக்கும் ஆற்றுக்கு அப்பாலுள்ள பாலத்து ஸ்டேஷனுக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டிகள் புறப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்காகவே இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வோர் இயந்திரம் இருந்தது. அதன் வயிற்றுக்குள் இரும்புப் பந்துகள். அங்கே இருப்பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் இங்கே ஒரு பந்து விழும். இங்கே அழுத்தினால் அங்கே. ஒரு பந்து வெளியே வந்துவிட்டதோ, இரண்டு இயந்திரங்களும் வாயை இறுக மூடிக்கொள்ளும். அந்தப் பந்து ஏதாவது ஓர் இயந்திரத்துக்குள் திரும்பப் போகிறவரை, குட்டிக்கரணம் போட்டாலும் இன்னொன்று வராது. பந்து எந்த டிரைவர் கையில் இருக்கிறதோ, பாதை அவருக்குச் சொந்தம்.

அம்மா எடுத்துக் கொடுக்கும் பந்தை, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் மாமா ஒரு தோல் பையில் போடுவார். பை ஒரு பிரம்பு வளையத்தில் கட்டியிருக்கும். வளையத்தை ஸ்டேஷன் முகப்பில் உள்ள கம்பத்தில் மாட்டிவிடுவார். வண்டி மெதுவாக வரும்போதே டிரைவர் கையை நீட்டி அதைக் கவ்விக்கொள்வார். பையைப் பிரித்துப் பந்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த டிரைவரும் ஸ்டேஷன் எல்லையைத் தாண்டமாட்டார்.

அப்படியென்றால், பந்து இல்லாவிட்டால் வண்டி நிற்கும். ஏறியதும் பந்தைக் கீழே போட்டுவிடலாம், தேடுகிறவர்கள் கண்டெடுப்பார்கள், வண்டி கிளம்பும். கண்டெடுப்பார்களா? அங்கேதான் முள் குத்தியது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், மாமா வளையத்தை மாட்டிவிட்டு ரயில்வே கேட்டை மூடப் போனார். முடியை ஒட்ட வெட்டி, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த கொசு கம்பத்தடிக்கு ஓடினாள். பந்தை உருவிக்கொண்டு, பையில் ஓர் உருளைக்கிழங்கைத் திணித்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பதுங்கியபோது, இடுப்பில் செருகிய பந்து ஐஸ் மாதிரி குளிர்ந்தது.

வண்டி வந்தது. டிரைவரின் கை வளையத்தைக் கவ்வியது. மூச்சு விடும் நேரம். பிறகு பிரேக்குகள் கிறீச்சிட்டன.

அவள் கணக்கு பிசகவில்லை. இன்ஜின் ஸ்டேஷன் எல்லைக்குள்ளேயே நின்றது. ஸ்டேஷனுக்குள் மட்டும் ஓடும் பக்கத்துத் தண்டவாளம் காலியாகவே இருந்தது. அம்மாவின் அறைக்கு நேர் எதிரே, தார்ப்பாய் போர்த்திய திறந்த வேகன் ஒன்று. பின்பக்கமாக ஏறி, தார்ப்பாய்க்கடியில் பெட்டிகளுக்கு நடுவே புகுந்துகொண்டாள்.

டிரைவர் உருளைக்கிழங்கைக் கையில் ஏந்தியபடி நடந்து வந்தார். "என்ன அண்ணே இது? சண்டைக்குப் போறவனுக்கு மத்தியானச் சாப்பாடா?"

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "சாமி சத்தியமா பந்தைத்தான் போட்டேன்!"

"அப்ப அது முளைவிட்டுக் கிழங்காயிடுச்சா? தண்ணி கிண்ணி போட்டிருக்கீங்களா?"

"இருபது வருஷமா மாட்டுறேன்ப்பா. வாயை அலம்பிட்டுப் பேசு."

இதுதான் நேரம். கொசு தார்ப்பாயை லேசாகத் தூக்கிப் பந்தை நழுவவிட்டாள். அது சரளைக்கல்லில் பட்டுத் துள்ளி, உள்பக்கமாக உருண்டு, வேகன் சக்கரத்துக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. மாமா குனிந்து குனிந்து தேடிக்கொண்டு அதே வேகனைக் கடந்து போனார். பிளாட்பாரம், கம்பத்தடி, புல் என்று எல்லா இடத்தையும் தடவினார். நனைந்த கருங்கல் நடுவே நனைந்த இரும்பு யார் கண்ணுக்குத் தெரியும்?

'அங்கே இல்ல மாமா, இங்கே!' நாக்கு நுனிவரை வந்தது. கத்தினால் மாட்டிக்கொள்வாள்.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. பாலத்து ஸ்டேஷனோடு பேசும் டெலிபோனில் கத்தினால்தான் மறுமுனைக்குக் கேட்கும். அதனால் ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது.

"ஆஸ்பத்திரி வண்டியா? எப்ப வந்துச்சு? … படைவண்டி அங்க வந்து சேந்ததும் அனுப்பலாம்னுதான் இருந்தோம். … தெரியுது சார், அடிபட்டவங்க. ரத்தம் நிக்கலைன்னா நான் மட்டும் என்ன பண்ணுவேன்? உங்களை முதல்ல வரச் சொல்ல எனக்கும் ஆசைதான். பந்து வெளிய இருக்கே! உங்க மெஷினும் திறக்காது, என் மெஷினும் திறக்காது!"

 ஒரு வண்டியைத்தான் நிறுத்தியதாகக் கொசு நினைத்திருந்தாள். நின்றவை இரண்டு.

அம்மா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். "டாக்டர் என்ன சொல்றாரு? … எத்தனை நேரம் தாங்கும்? … ஐயோ."

அண்ணனே அந்த ஆஸ்பத்திரி வண்டியில் இருக்கிறானோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லையென்றாலும் யாரோ ஒரு கொசுவின் அண்ணன்தானே? பேசாமல் கிடந்தால் மாமா எப்போதாவது கண்டுபிடிப்பார். அப்போதும் பந்து டிரைவர் கைக்குத்தான் போகும். இந்த வண்டிதான் முதலில் புறப்படும். அவள் அண்ணனிடம் போய்ச் சேருவாள். ரத்தம் அங்கே சொட்டிக்கொண்டே இருக்கும்.

தார்ப்பாயைத் தள்ளிவிட்டுக் குதித்தாள். பெயர்ந்த முழங்கால் மறுபடி பெயர்ந்தது. வேகனுக்கடியில் தவழ்ந்து, சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். கல், கல், கல். தலைக்கு மேலே இரும்பு ஒரு முறை முனகியது. வண்டி அசைகிறதா?  அசையவில்லை. அடுத்துப் பட்டது வழவழவென்று இருந்தது.

"அடிப்பாவி, நீயா!" மாமா வாயைப் பிளந்தார்.

அவள் நிற்கவில்லை. அம்மாவின் அறைக்குள் சேறும் ரத்தமுமாக நுழைந்தாள். அம்மா ஒரு பார்வையில் எல்லாவற்றையும் படித்துவிட்டாள்: வெட்டிய முடி, அண்ணன் சட்டை, கையிலிருந்த பந்து.

"அம்மா, நான்…"

"அடி அப்புறம். பந்து முதல்ல."

அம்மா பந்தை வாங்கி இயந்திரத்தின் வாயில் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினாள். உள்ளே அது உருண்டு போய் டணாரென்று விழுந்தது. பிறகு டெலிபோனில் கத்தினாள். "பந்து உள்ள போயாச்சு! படைவண்டி இங்கயே நிக்கும். உங்க வண்டியை அனுப்புங்க!"

ரிசீவரை வைத்துவிட்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்து, விரலைப் பொத்தான் மேல் வைத்தாள். "அங்க பந்து விழுந்தா மெஷின் மேல இருக்குற இந்த முள் சாயும். அதுவரைக்கும் விடாதே. நான் சிக்னலைப் பாக்கணும்."

"அம்மா, படைவண்டி?"

"அது அப்புறம்."

கொசு அழுத்திப் பிடித்தாள். முள் நடுங்கியது, சாய்ந்தது. ஆற்றுக்கு அப்பால் ஒரு பந்து விழுந்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. ஏறியவள் இறங்க வேண்டும். பந்தை இயந்திரத்தில் போட வேண்டும். காயம்பட்டவர்களின் வண்டி முதலில் வரும். அது கொண்டுவரும் பந்தும் உள்ளே போகும். அப்புறம் படைவண்டிக்கு ஒரு பந்து எடுத்து, வளையத்தை டிரைவர் கையிலேயே கொடுத்தால் வண்டி கிளம்பும். கொடுக்கிறவள் பிளாட்பாரத்தில் நிற்பாள்.