நெத்திலிக்குச் சிவப்பு, சீரியலுக்குப் பச்சை

டயட்டீஷியன் துஷ்யந்தி என் பிளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்தபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராசா டவுனில் வீடு, படித்த பெண், பேச்சு மரியாதையாகத்தான் இருக்கும். அதற்காக அடுத்தவள் கொண்டுவந்ததை மோந்து பார்ப்பதா?

"அக்கா, இதுல என்ன கலக்கிக் கொண்டு வர்றீங்க?"

"சீரியல் லா. ஓட்ஸ், கோதுமை எல்லாம் போட்ட தானிய மாவு. சீனி கெடையாது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல அவருக்குத் தெம்பே வரல."

"பாக்கெட் இருக்கா?"

இருந்தது. சாயங்காலத்துக்கு ஒன்று பையில் வைத்திருந்தேன். அவள் அதைப் பின்பக்கம் திருப்பினாள். பொடிப்பொடியாக அச்சடித்திருந்த கட்டத்தில் ஒரு வரிக்கு அடியில் நகத்தை வைத்துக் காட்டினாள். நூறு கிராமுக்கு முப்பத்திரண்டு கிராம் சீனி.

எனக்கு மலாய் நன்றாகவே படிக்க வரும். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கட்டிலில் என் வீட்டுக்காரர் ஜோசப்ராஜ் கட்டுப் போட்ட காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர். மட்டை முள் பூட்ஸைத் துளைத்து உள்ளே போனது அவருக்குத் தெரியவே இல்லை. சீனி வியாதி வந்து காலில் உணர்ச்சி அவ்வளவு மங்கியிருந்தது. சாக்ஸ் நனைந்த பிறகுதான் பார்த்தார். ஒரு விரல் கறுத்துவிட்டது. மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, விரலை வைத்திருப்பதா எடுப்பதா என்று சொல்வதாக இருந்தது. சீனி மட்டும் இறங்கினால் போதும் என்றார்கள். அது இறங்குகிற வழியாகத் தெரியவில்லை.

நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். திருட்டுத்தனமாக ஏதோ தின்கிறார் என்று அவருடைய மோட்டார் சைக்கிள் கூடையைத் துழாவியிருக்கிறேன். தோட்டத்து முக்கில் கடை வைத்திருக்கும் மணியத்திடம் போய், "எம் புருஷனுக்கு இனி தேத்தண்ணி குடுத்தா ஒன் கடையிலயே ஒக்காந்துருவேன்" என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறேன். மணியம் பாவம், "அவரு இங்க வந்தே ஒரு மாசமாச்சு லா" என்றான். நான் நம்பவில்லை.

நான் நம்பியதெல்லாம் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளைத்தான்.

அது என் மகள் ஜோசலின் செய்தது. ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அவர்கள் பள்ளியில் மோகனா டீச்சர் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார். அவரவர் வீட்டு அலமாரியில் இருக்கிற டின், பாக்கெட், போத்தல் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் பார்த்து, பெயர், சக்தி, சீனி, உப்பு என்று எழுதிக்கொண்டு வரச்சொல்லி, அதைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஒரு தகவல் தளமாகச் செய்ய வைத்தார். குறைவிலிருந்து கூடுதலாக அடுக்குவது, கூடினதுக்குச் சிவப்பு, குறைந்ததுக்குப் பச்சை அடிப்பது எல்லாம் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். ஜோசலின் தன் அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் முதலில் எழுதினாள். சீரியல், கிச்சாப் என்கிற இனிப்பு சோயா சாஸ் என்று தொடங்கி, அவர் முகம் சுளிக்கிற வெறும் ஓட்ஸும் நெத்திலியும் கடைசி.

தாள் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வம்சத்தில் கம்ப்யூட்டரில் தாள் அடித்துக்கொண்டு வந்தவள் அவள்தான். கோலா பிலா டவுனுக்குப் போய் லேமினேட் போட்டுக்கொண்டு வந்தேன். சீனிக் கட்டத்தில் சீரியலுக்குப் பச்சை, பூஜ்யம். கிச்சாப்புக்கும் பச்சை. நெத்திலிக்குச் சிவப்பு, ஐம்பதுக்கு மேல். எனக்கு ஒரு கணம் இடித்தது. நெத்திலியில் சீனியா? அப்புறம், இந்தக் காலத்தில் பாக்கெட்டில் அடைத்து விற்கிறவன் எதைத்தான் கலக்கவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நெத்திலியை நிறுத்தினேன். சீரியலைக் காலை, சாயங்காலம், வேலைக்குப் போகும்போது பிளாஸ்கில் என்று கூட்டினேன்.

அதற்கப்புறம் ஒரு பாக்கெட்டைக்கூட நான் திருப்பிப் பார்க்கவில்லை. தாள்தான் இருக்கிறதே.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளைப் பிடுங்கி ஜோசலின் முன்னால் போட்டேன். பாக்கெட்டையும் போட்டேன்.

"இது என்னா? அது என்னா?"

அவள் பாக்கெட்டைத் திருப்பினாள். தாளைப் பார்த்தாள். பிறகு அலமாரிக்கு ஓடிப்போய் கிச்சாப் போத்தலையும் நெத்திலிப் பாக்கெட்டையும் எடுத்துவந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

"அம்மா, சீனி மட்டும் எடம் மாறிருச்சும்மா."

"என்னாடி சொல்ற?"

"ஒரு சாப்பாடு ஒரு வரி. பேரு, சீனி, உப்பு எல்லாம் ஒண்ணாத்தான் நகரணும்னு டீச்சர் சொன்னாங்க. நான் சீனிக் கட்டத்த மட்டும் மேலேருந்து கீழ வரைக்கும் புடிச்சு அடுக்கிட்டேன். நம்பரெல்லாம் வரிசையா வந்துருச்சு, பேரு அங்கயே நின்னுருச்சு. நெத்திலியோட பூஜ்யம் சீரியலுக்குப் போயிருச்சு. பக்கத்துல இருக்கறதையும் சேர்த்துக்கவான்னு இங்கிலீஷ்ல ஒரு பொட்டி வந்து கேட்டுச்சும்மா. பஸ்காரன் ஹாரன் அடிச்சான். எதையோ அமுக்கிட்டேன்."

ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போலிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கையைத் தூக்கியும்விட்டேன். அவள் ஒதுங்கவில்லை. அடி வாங்கிக்கொள்கிறேன் என்பது போல நின்றாள்.

"அப்பா வெரல வெட்டிருவாங்களாம்மா?"

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அமுக்கியது ஒரே ஒரு தடவை. வேளை தவறாமல் சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஆற்றி, "குடிங்க, ஒடம்புக்கு நல்லது" என்று கொடுத்தது யார்? நான்தான். குடிக்காமல் வைத்தால் திட்டியதும் நான்தான்.

மறுநாள் காலை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. விரல் போனது போனதுதான், இன்றே எடுத்துவிட வேண்டும், இனியாவது சீனி இறங்கினால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்றார். மத்தியானமே எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஜோசப்ராஜுக்கு மயக்கம் தெளிந்தது. மறைத்து வைத்தால் என் நெஞ்சு வெடித்துவிடும். பிளாஸ்க், பாக்கெட், தாள், கட்டம் மாறியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஜோசலின் அவர் கால்மாட்டில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் தேவலை என்றும் இருந்தது.

அவர் காலைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இனிச்சிச்சு லா" என்றார்.

"என்னா?"

"மொத நாள் குடிச்சப்பவே நல்லா இனிச்சிச்சு."

"அப்புறம் ஏன் வாயத் தொறந்து சொல்லல?"

"பாப்பா போட்ட தாளுல பூஜ்யம்னு இருந்துச்சு. முள்ளு ஏறுனதே காலுக்குத் தெரியல. அந்த மாதிரி நாக்கும் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்கிட்டேன்."