வலப்பக்கம் வைத்த சுரைக்காய்

ஆவடி ஜெபவீட்டில் காணிக்கை மேசைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. வலப்பக்கம் நன்றிக்கு. இடப்பக்கம் வேண்டுதலுக்கு. சபையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதால் முன்பு இருந்த உபதேசியார் ஒருவர் செய்துவைத்த ஏற்பாடு அது. பிள்ளை பிறந்தால் வலப்பக்கம் ஒரு படி கேழ்வரகு. வீட்டில் காய்ச்சல் என்றால் இடப்பக்கம் இரண்டு முட்டை. யாருடையது என்று மட்டும் சொன்னால் போதும். மீதியைப் பொருள் இருக்கும் இடமே சொல்லிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சலோமி தாமதமாக வந்தாள். வெள்ளானூரிலிருந்து நடந்து வரும் வழியில் மகள் ராணியின் காலில் முள் குத்திவிட்டது. உள்ளே நுழைந்தபோது பாட்டு தொடங்கியிருந்தது. சலோமியின் இடுப்பில் ஒரு சுரைக்காய்.

மேசையின் இடப்பக்கத்தில் இடமே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷத்துக் கோடைக்காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மாட்டு வண்டிகளில் பூந்தமல்லி ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் வேண்டுதல் இருந்தது. முட்டைகளும் தானியக் கிண்ணங்களும் விளிம்புவரை நெருக்கியடித்துக் கிடந்தன. சுரைக்காயை அங்கே வைத்தால் உருண்டு முட்டைகளை உடைத்துவிடும். வலப்பக்கத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரை மட்டும் இருந்தது.

சலோமி காயை வலப்பக்கம் வைத்தாள். பாட்டு முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது தான் மட்டும் எழுந்து முன்னே போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

உபதேசியார் காயைப் பார்த்தார். "இது யாருது?"

"வெள்ளானூர் சலோமிதுங்க ஐயா," என்றது ஒரு குரல்.

உபதேசியாரின் முகம் மாறியது. சலோமியின் கணவன் ஏசையா ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதன்பின் அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இது சபையில் எல்லோருக்கும் தெரியும். உபதேசியார் கண்களை மூடிக் கைகளை உயர்த்தினார். ஏசையாவைப் பர்மாக் காட்டு வழியில் காத்துக் கரைசேர்த்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். சலோமிக்குப் பின்னால் யாரோ விம்மி அழுதார்கள்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கல்கத்தா வந்துட்டாராமே?"

"கை கால்லாம் நல்லாத்தான கீறாரு?"

சலோமி வாயைத் திறந்தாள். அதற்குள் பாடி கிராமத்திலிருந்து வரும் தாயம்மா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிட்டது. சலோமி தலையைக் குனிந்தாள். வெட்கம் என்று எண்ணி அவர்கள் சிரித்தார்கள்.

இப்படிப்பட்ட இரக்கம் பெற்றவர் வீட்டில் நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டம் நடக்க வேண்டும். வீட்டுக்காரர் எழுந்து நின்று நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். அது சபையின் வழக்கம். புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் சலோமி வீட்டில் கூட்டம் என்று உபதேசியார் அறிவித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அவருக்கு இன்னும் நான்கைந்து ஊர்கள் இருந்தன. புதன்கிழமைதான் திரும்புவார்.

"அறிவு கீதா உனக்கு?" என்றாள் அடுத்த வீட்டுப் பூங்காவனம். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முழுக் கதையையும் கேட்டாள். "வராத ஆளுக்கு விருந்தா? போய்ச் சொல்லிட்டு வாம்மே. 'ஆளு வர்ல, காய எடம் மாத்தி வெச்சிட்டேன்'னு. அவ்ளோதான."

"அதான்க்கா வாயில வர மாட்டேங்குது."

"எது? சுரக்காயா?"

குண்டு விழுந்த சேதி வந்த நாளிலிருந்து 'அவர் வரவில்லை' என்று சலோமி ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ராணி கேட்கும்போதெல்லாம், வந்துகொண்டிருக்கிறார் என்பாள். வரவில்லை என்று தன் வாயால் சொல்லிவிட்டால் அது முடிந்துபோன காரியமாகிவிடும் என்று பயந்தாள். ஜெபத்தில்கூட அவன் பெயரைச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. ஞாயிறுதோறும் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் இடப்பக்கம் வைத்துவிட்டு வருவாள். இந்த வாரம் சுரைக்காய் அவளுக்காகப் பேசியது, தவறாக.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஆவடியில் பட்டாளத்துக்குப் போடும் ரோட்டில் ஜல்லி சுமந்தாள். கூட வேலை செய்தவர்கள் பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே வருவதைப் பற்றிப் பேசினார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனாள்.

புதன்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. பானையைக் கவிழ்த்துப் பார்த்தாள். கொஞ்சம் கேழ்வரகு மாவு இருந்தது. கூரைமேல் சுரைக்கொடி இருந்தது. ரங்கூனுக்குப் போகும் முன் ஏசையா காய வைத்துவிட்டுப் போன விதையில் முளைத்த கொடி. அதில் இருந்த காய்களில் இரண்டு பிஞ்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பறித்தாள். களியும் சுரைக்காய்க் குழம்பும் என்று முடிவு செய்தாள். எத்தனை பேருக்கு வரும் என்று தெரியவில்லை. ஆண்டவரே, என்றாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

வெயில் தாழ்வதற்கு முன்பே தாயம்மா வந்துவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து முறத்தில் கொட்டினாள். சிவப்பு அரிசி.

"ஒலையில போடு. எங்க ஊட்டு ஆளு குடுத்தனுப்பிச்சாரு."

தாயம்மாவின் கணவன் நாகப்பன் சென்ட்ரல் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன். ஜெபவீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். அரிசி கிடைக்காத காலத்தில் அவன் ஏன் அரிசி கொடுக்க வேண்டும்?

"அவருக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"சந்தோசம்தான்! பின்ன இன்னா, கொஞ்சமாவா கத்துனாரு?" தாயம்மா அடுப்பின் முன் குந்திக்கொண்டு கல் பொறுக்கத் தொடங்கினாள். "கல்கத்தா மெயில் வந்து நிக்கசொல்லோ ரங்கூன்காரங்க எறங்குவாங்க. கால்லாம் வெடிச்சி, கட்டின துணியோட. நம்ம ஆளு மூட்டய உட்டுட்டு அவங்க பின்னால ஓடுவாரு. 'வெள்ளானூர் ஏசையாவ யாராச்சும் பாத்தீங்களா'ன்னு ஒவ்வொரு பொட்டியாண்டயும் கத்துவாரு. தெனம். கூட கீறவன்லாம் கிண்டல் பண்ணுவானுங்க, 'இன்னா அண்ணாத்தே, ஏசையா உன் மாமனா மச்சானா'ன்னு."

சலோமியின் கையிலிருந்த அகப்பை நின்றது.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா தெனம் வாசலப் பாத்துகினு குந்தியிருப்பியே. கெடைக்காட்டி இன்னா பண்றது? அதான் சொல்லல. ஞாயித்துக்கெழம ஊட்டுக்குப் போனதும் சொன்னேன், 'யோவ், ஆளு கெடச்சிட்டாரு, உன் தொண்டைக்கு லீவு'ன்னு. அன்னியிலருந்து கத்தறதில்ல. மனுசன் நிம்மதியா மூட்ட தூக்கறாரு."

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. தாயம்மாதான் மூடியைத் தூக்கினாள்.

திங்கட்கிழமை மெயில் வந்திருக்கும். செவ்வாய்க்கிழமையும் இன்றும் வந்திருக்கும். ஏசையாவை அறிந்த ஒருவன் அதில் இறங்கியிருக்கலாம். ஏசையாவே இறங்கியிருக்கலாம், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல். அதே நேரத்தில் சலோமிக்கு இன்னொன்றும் தோன்றியது. அவள் ஜெபத்தில்கூடச் சொல்ல அஞ்சிய பெயரை ஒருவன் நாள்தோறும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். தேவன் பேசாமல் இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த மாதங்களில்.

பொழுது சாய்ந்தது. வாசலில் பாய்கள் விரித்திருந்தன. ஜனங்கள் வந்தார்கள். உபதேசியார் சட்டையில் புழுதியோடு சைக்கிளை வேலியில் சாய்த்தார். ஒரு கீர்த்தனை பாடினார்கள். பிறகு எல்லோரும் சலோமியைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். ராணி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரு வரல," என்றாள்.

ராணியின் கைமேல் தன் கையை வைத்தாள்.

"சேதியும் வரல. அன்னிக்கு அந்தப் பக்கம் எடமில்ல. காய மாத்தி வெச்சிட்டேன். அப்புறம் சொல்ல வாய் வர்ல. பயம்."

"அடிப்பாவி!" என்றாள் தாயம்மா. "ஒன்னக் கட்டிக்கினு அந்த அழுவ அழுதேனே, அப்ப காதுல சொல்றதுக்கு இன்னாடி கேடு?"

பின் வரிசையில் ஒரு கிழவர் தன் துண்டை உதறினார். "அப்ப ஸ்தோத்திரம் எதுக்குங்கறேன்? எழுந்திரிங்கப்பா."

"குந்து தாத்தா," என்றாள் வேலிக்கு அப்பாலிருந்து பூங்காவனம். "சோறு வெந்துகினு கீது."

யாரோ சிரித்து உடனே நிறுத்திக்கொண்டார்கள். உபதேசியார் எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "தப்பு என்னுது. நான் காயைப் பாத்தேன். உன்னைக் கேக்கல. கூட்டத்தை வேண்டுதல் கூட்டமா மாத்திக்கலாம்மா. நீ உக்காரு."

"இல்லீங்க ஐயா." சலோமி உட்காரவில்லை. "ஸ்தோத்திரமே இருக்கட்டும். நான் கேக்காமலே எனக்காக ஒருத்தர் கேட்டுகினு இருந்தாரு. எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பானையில ஒரு பிடி அரிசி இல்ல, இப்ப ஒலையில அரிசி வேவுது. அதுவும் அவரு குடுத்ததுதான். அவரு நம்ம சபைகூட இல்ல. ஆண்டவரு என்னைய மறந்துட்டாருன்னு நெனச்சேன். மறக்கல. எங்க ஊட்டுக்காரு உசிரோட கீறாரா இல்லயான்னு எனக்குத் தெரியல. தெரியாமலே நன்றி சொல்றேன்."

பிறகு அவள் தாயம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு மறுபடியும் கேக்கச் சொல்லுக்கா. ஏசையா. வெள்ளானூர் ஏசையா. எடது புருவத்துல தழும்பு கீது. அதயும் சேத்துச் சொல்லச் சொல்லு."

தாயம்மா மூக்கைச் சிந்தினாள். "மொத வண்டிக்கே போவச் சொல்றேன். தழும்பு எடதா வலதா? நல்லா யோசிச்சிச் சொல்லு. உன்ன நம்ப முடியாது."

"எடது," என்றாள் சலோமி.

உபதேசியார் ஜெபித்தார். இந்த முறை குரலை உயர்த்தவில்லை. கரைசேர்த்ததற்காக என்று சொல்லவில்லை. காணாத இடத்தில் காக்கிறவரே என்று தொடங்கினார். ஏசையாவின் பெயர் வந்தபோது சலோமியும் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

சாப்பிட்டார்கள். கிழவரும் சாப்பிட்டார். சோறு கொஞ்சம், களி அதிகம். எல்லோருக்கும் வந்தது. கடைசியில் வேலியருகே பூங்காவனத்துக்கு ஒரு கிண்ணம் போனது. உப்பு போதவில்லை என்று அவள் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை சேதி ஒன்றும் இல்லை. விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து நாகப்பன் கத்துகிறான் என்று மட்டும் தாயம்மா சொல்லியனுப்பினாள்.

சலோமி அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். மேசை ஏறக்குறைய காலியாக இருந்தது. கொடியில் விட்டுவைத்த இரண்டு பிஞ்சும் காயாகியிருந்தன. ஒன்றை இடப்பக்கம் வைத்தாள். மற்றொன்றை வலப்பக்கம் வைத்தாள்.

உபதேசியார் மேசைக்கு வந்தார். காய்களைப் பார்த்தார். பிறகு ஜனங்களைப் பார்த்தார்.

"இது ரெண்டும் யாருது?"

பின்னாலிருந்து யாரோ சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் சலோமி எழுந்துவிட்டாள்.

"என்னுதுங்க ஐயா," என்றாள். "எடதுபக்கம் கீறது ஏசையாவுக்கு. வலதுபக்கம் கீறது நாகப்பன் அண்ணனுக்கு."