மாது கட்டிய படி

அமரர் ஊர்தி அதியமான்கோட்டைக்குள் திரும்பியபோதுதான் கலைமதிக்கு மாடிப்படி நினைவுக்கு வந்தது.

ஐஸ் பெட்டிக்குள் அப்பா மாதவராஜ் இருந்தார். கண்ணாடியில் நீர் கோத்திருந்தது. எதிரே அம்மாவின் தம்பி குமார், ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவந்ததையே மறுபடி சொன்னார்.

"வாடகை வூடும்மா. நேரா சுடுகாட்டுக்கே போயிடலாம். அக்கா வண்டிகிட்ட வந்து பாத்துக்கட்டும்."

கடத்தூரில் இருந்த சொந்த வீடு அப்பாவின் வைத்தியத்துக்குப் போய்விட்டது. முன்பு தருமபுரியில் குடியிருந்தபோது, பக்கத்துப் போர்ஷன்காரரின் உடலை வீட்டுக்காரர் கேட்டுக்குள் விடவில்லை. தெருப் புங்கமரத்தடியில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். அன்று முழுவதும் அப்பா அந்தப் பெஞ்சருகே நின்றிருந்தார்.

கிளம்பும்போது கலைமதி இப்போதைய வீட்டுக்காரர் மாதுவுக்குப் போன் செய்திருந்தாள். "வாங்கம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மாது புது வீடு கட்டிக் கீழே குடியிருந்துகொண்டு, முதன்முதலாக மாடியை வாடகைக்கு விட்டவர். விட்ட பிறகு அது தன் மாடியில்லை என்பதுபோல, கீழிருந்து போன் செய்து "மேல வரலாங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். குழாய் ஒழுகினால் மறுநாள் காலையில் ஆள் வந்து நிற்கும். அப்பாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, யாரும் கேட்காமலே படியோரம் கைப்பிடிக்குப் பைப் பதித்தார். அந்தப் படியில்தான் அவர் ஒரு தப்புச் செய்திருந்தார். இடம் மிச்சமாகட்டும் என்று, மேஸ்திரி சொல்லியும் கேளாமல், வளைவைக் குறுக்கிவிட்டார். குடிவந்த அன்று பீரோ அங்கே திரும்பவில்லை. கயிறு கட்டி பால்கனி வழியாக இழுத்தார்கள்.

கலைமதி பெட்டியின் நீளத்தைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

வண்டி நின்றது. கேட்டின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. மாது வீட்டு சோபாவும் டிவி ஸ்டாண்டும் வாசலில் கிடந்தன. புதுமனை புகுந்தபோது கட்டிய மாவிலை நிலைப்படியில் காய்ந்து தொங்கியது. அதற்கு உள்ளே, கூடத்தில், நாற்காலியில் அம்மா இருந்தாள். அவளை மாடியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி வந்திருந்தார்கள். மாதுவின் மனைவி அமுதவல்லி பூஜை அலமாரிக்குத் திரை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மாது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"மாதவராஜண்ணன மேல ஏத்த வேணாங்க. பெட்டி திரும்பாது. நம்ம நடுவூட்டுலயே வெச்சிக்கலாம்."

குமார் தயங்கினார். "புது வூடுங்க. உங்க பங்காளிங்க எதாச்சும்..."

மாது புதுமனை புகுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லையே என்று தெருவில் யாரோ இழுத்தார்கள். மாது திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் கை கொடுத்தார்.

"படிய கட்டுனது நாந்தானுங்களே" என்றார்.

எல்லாம் முடிந்து, உறவினர்கள் போன பிறகு ஒருநாள் காலை கலைமதியின் போன் அடித்தது.

"மேல வரலாங்களாம்மா? வளைவு வரைக்குந்தான்."

அவள் இறங்கி வந்தாள். மாது வளைவில் குந்தியிருந்தார். காதில் பென்சில். பக்கச்சுவரில், இடிக்க வேண்டிய அளவுக்கு, புதிதாக ஒரு கோடு. அவளைக் கண்டதும் எழுந்து, வழிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றார். அவர் கையிலிருந்த அளவு டேப்பின் நுனி எதிர்ச்சுவரை எட்டாமல் மடங்கி மடங்கி விழுந்தது.

கலைமதி குனிந்து அந்த நுனியை எடுத்தாள். எதிர்ச்சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.