பதினைந்து டிகிரி பெட்ரோல்

அறையில் இருந்தவர்கள்: டெர்மினல் மேலாளர் எஞ்சினியர் வில்யாருஸ். மணிலா தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி மரிவிக் அத்தியென்சா. பகல் ஷிஃப்ட் ஆபரேட்டர் டெல்ஃபின் மக்சினோ. கதவருகே காவலாளி போன்சோய். அப்புறம் நான். இரவு ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்கு விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எல்லோர் சட்டையிலும் பெட்ரோல் வாடை. ஏசி அதை வெளியே தள்ளாமல் அறைக்குள்ளேயே சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கன்ட்ரோல் ரூம்தான் பத்தங்காஸ் கரையிலேயே குளிர்ந்த இடம்.

முந்தின நாள் சாயங்காலம் ஏழாம் நம்பர் டாங்கி வழிந்தது. நான் வழக்கம்போல ஷிஃப்டுக்குச் சீக்கிரம் வந்தவன், கேட்டிலேயே வாடை பிடித்து, ஓடிப்போய்ப் பம்ப்பை நிறுத்தச் சொன்னேன். பெட்ரோல் சுற்றுச்சுவருக்குள் குளமாகக் கிடந்தது. யாரும் பீடி சிகரெட் பற்றவைக்கவில்லை. அதனால்தான் நாங்கள் உயிரோடு உட்கார்ந்திருந்தோம்.

கப்பலிலிருந்து வரும் குழாயில் இருக்கும் மீட்டர் எடையைத்தான் காட்டும், மணிக்கு இத்தனை டன் என்று. டாங்கிக்கு எடை தெரியாது, இடம்தான் தெரியும். அதனால் டன்னை அடர்த்தியால் வகுத்து லிட்டராக்க வேண்டும். சாதாரண நாளில் டாங்கியின் மட்டத்தைப் பார்த்தாலே போதும். மட்டம்காட்டி பழுதாகி மாதக்கணக்காகிறது, உதிரி மணிலாவிலிருந்து வரவேண்டும். நிரப்பும்போது மேலே ஏறி அளவு நாடா விட்டுப் பார்க்க விதி அனுமதிக்காது. மிச்சமிருந்தது வகுத்தல்தான்.

வகுத்தலில் டெல்ஃபினை அடிக்க ஆள் கிடையாது. கம்ப்யூட்டரும் வகுத்து லிட்டரைக் காட்டும், ஆனால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மணிக்கொருமுறை டன்னை மட்டும் பார்த்து, மனதிலேயே வகுத்துச் சொல்வார். கால்குலேட்டரோடு அவரிடம் போட்டிக்குப் போய்த் தோற்றவன் ஒரு கிண்ணம் லோமி நூடுல்ஸ் வாங்கித் தரவேண்டும். இரண்டு வருஷம் எஞ்சினியரிங் படித்த நான் வாங்கித் தந்த லோமியில் ஒரு குடும்பம் சாப்பிட்டிருக்கலாம்.

முந்தின நாள் அவர் நானூறு டன்னைப் புள்ளி ஏழு நான்கால் வகுத்தார். மணிக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர். கப்பல் தந்த காகிதத்தில் இருந்த அடர்த்தி அதுதான். எங்கள் கம்ப்யூட்டரிலும் அதையே போட்டு வைத்திருந்தது. ஆனால் காகிதத்து அடர்த்தி பதினைந்து டிகிரிக்கு உரியது. எங்கள் துறைமுகத்தில் பதினைந்து டிகிரியை யாரும் பார்த்ததில்லை. கப்பல் ஒரு வாரமாக ஏப்ரல் வெயிலில் நங்கூரமிட்டுக் கிடந்தது. குழாயில் பெட்ரோல் முப்பத்தாறு டிகிரி. சூட்டில் பெட்ரோல் உப்பும். எடை அதே எடை, இடம் அதிகம். மணிக்குப் பதினாலாயிரம் லிட்டர், ஒரு சின்ன லாரி கொள்கிற பெட்ரோல், கணக்கில் இல்லாமல் டாங்கிக்குள் போய்க்கொண்டிருந்தது. டாங்கி வழிந்தபோது டெல்ஃபினின் கணக்கில் இன்னும் ஒரு லட்சம் லிட்டருக்கு இடம் இருந்தது.

அவருக்குப் பென்ஷனுக்கு எட்டு மாதம் பாக்கி. அன்று காலை பேச்சு அதைப் பற்றித்தான், யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றாலும்.

மரிவிக் நல்ல பெண். கம்ப்யூட்டரில் போடும் அடர்த்திக்கு யார் பொறுப்பு என்று முதலில் கேட்டாள். கம்பெனிதான் என்றார் வில்யாருஸ், மேசையைப் பார்த்துக்கொண்டே. அந்த எண்ணை மாற்றும் பாஸ்வேர்ட் அவரிடம் மட்டுமே இருந்தது. பிறகு அவள் டெல்ஃபின் பக்கம் திரும்பி, அண்ணனைக் கூப்பிடுவதுபோல 'கூயா' என்று அழைத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"கூயா, நீங்க ஸ்கிரீன்ல காட்டுன லிட்டரைத்தான எழுதுனீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பு கம்பெனியுடையதாகிவிடும். வில்யாருஸ் பேனாவைத் தட்டுவதை நிறுத்தினார்.

"ஸ்கிரீனையெல்லாம் நான் பாக்கறதில்ல, மேம். நானே வகுத்தேன்."

"ரெண்டும் ஒரே விடைதான, கூயா."

"அதான் சொல்றேன். என் கணக்கு தப்பில்ல. நீங்களே வகுத்துப் பாருங்க."

வில்யாருஸ் போனை எடுத்து நிஜமாகவே வகுத்துப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு," என்றார், ரொம்பக் கனிவாக. "டெல்ஃபின் சொந்தமா போட்ட கணக்கு. எழுதிக்குங்க."

மூன்று ஷிஃப்டிலும் எல்லோரும் அதே எண்ணைத்தான் போடுகிறோம், கம்ப்யூட்டரும் உட்பட, என்று நான் சொன்னேன்.

"மூணாவது வருஷத்துல காலேஜ விட்டு ஓடி வந்தவன் அடர்த்தி பாடம் எடுக்கறான்," என்றார் வில்யாருஸ். "ஒன்ன யாரும் கேக்கல."

 மரிவிக் டெல்ஃபினை மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு, டெல்ஃபினின் சொந்தக் கணக்கு என்றே எழுதினாள்.

டெல்ஃபின் அலமாரியிலிருந்து சோற்று டப்பாவையும் காப்பி ஃபிளாஸ்கையும் எடுத்துக்கொண்டார். அவர் எடுத்து முடிப்பதற்குள் வில்யாருஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டி எண்ணை மாற்றினார். அடுத்த கப்பலுக்காக. புள்ளி ஏழு இரண்டு இரண்டு, சூட்டுப் பெட்ரோலின் அடர்த்தி.

எனக்குத் தெரிந்து முதல்தடவையாக டெல்ஃபின் ஸ்கிரீனைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"நானூறு டன்னுன்னா அஞ்சு லட்சத்து அம்பத்து நாலாயிரம்," என்றார்.

நான் போனில் போட்டுப் பார்த்தேன். அதேதான்.

போன்சோய் கையை நீட்டி அவருடைய கதவுக் கார்டை வாங்கிக்கொண்டான். "இனிமே நாங்க யாருகிட்ட தோக்கறது, கூயா?" என்றான். 

"இவன்கிட்ட தோத்துப் பாரு," என்று டெல்ஃபின் என்னைக் காட்டினார். "இவனும் வகுப்பான். லேட்டா."

கதவைத் திறந்து நின்றார். வெளியே வெயில் ஏறியிருந்தது. அந்தச் சூடு எங்கள் கால்வரைக்கும் வந்தது.

"ஏசி காத்து போகுது," என்றார் வில்யாருஸ்.

டெல்ஃபின் படியிறங்கினார். போன்சோய் கதவைச் சாத்தினான். பூட்டு தானாக விழுந்தது. உள்ளே வர இனி அவரிடம் கார்டு இல்லை.